குழியில் விழுந்த எறும்பு ஏன் ஏறி வர முடிவதில்லை?

வாசகி ஒருவர் கேட்டிருந்தார். குடும்பத்தோடு விலங்குக் காட்சிசாலைக்குப் போயிருக்கிறார்கள். சிங்கம் தூங்கிக்கொண்டிருந்தது, புலி கண்ணிலேயே படவில்லை. நான்கு வயது மகன் கூண்டுகளை விட்டுவிட்டு ஒரு சுவரோரம் குந்தி உட்கார்ந்துவிட்டான். அங்கே காய்ந்த மணலில் வரிசையாகச் சின்னச் சின்னக் கூம்புக் குழிகள். ஒன்றில் எறும்பு தவறி விழுந்தது. ஏறப் பார்த்தது, சறுக்கியது. கீழேயிருந்து யாரோ மணலை வாரி வாரி அடித்தார்கள். அப்புறம் எறும்பைக் காணோம். உள்ளே யார் இருக்கிறார்கள், எறும்பு ஏன் ஏறி வரவில்லை என்று வீடு வரும்வரை பையன் கேட்டுக்கொண்டே வந்தானாம். முதல் கேள்விக்கு அம்மா தேடிப் பதில் சொல்லிவிட்டார். இரண்டாவதுதான் நம்மிடம் வந்திருக்கிறது.

முதல் கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். உள்ளே இருப்பது குழியானை. குழிநரி என்றும் சொல்வார்கள். பருத்த வயிறு, தட்டையான தலை, அதன் முன்னால் கத்தரிக்கோல்போல் இரண்டு கொடுக்குத் தாடைகள். இது முழுப் பூச்சி இல்லை, புழுப் பருவம். வளர்ந்தபின் இறக்கை முளைத்துப் பறந்துவிடும். இந்தக் குடும்பத்தில் உலகம் முழுக்க சுமார் 2000 இனங்கள் இருக்கின்றன. குழி வெட்டுபவை அதில் சிறுபான்மைதான். மற்றவை மணலுக்கடியிலோ சருகுக்கடியிலோ சும்மா பதுங்கியிருந்து இரை பிடிக்கின்றன.

இனி இரண்டாவது கேள்வி. "மணல் சறுக்குகிறது, அதனால் எறும்பு விழுகிறது" என்று ஒரே வரியில் முடித்துவிடலாம்தான். ஆனால் கொஞ்சம் யோசித்தால் அந்தப் பதில் நிற்காது. எறும்பு செங்குத்துச் சுவரிலேயே ஏறுகிற பிராணி. கூரையில் தலைகீழாக நடக்கும். அதற்கு இந்த முப்பது சொச்சம் டிகிரி சரிவு எம்மாத்திரம்?

காய்ந்த மணலைக் கொட்டினால் குவியலாக நிற்கும். மேலே மேலே கொட்டினாலும் குவியல் பெரிதாகுமே தவிர, சரிவு ஒரு அளவுக்கு மேல் செங்குத்தாகாது. சாதாரணக் காய்ந்த மணலுக்கு அந்தக் கோணம் 30 முதல் 35 டிகிரி. பள்ளிப் பாடத்தில் சறுக்குக் கோணம் என்று படித்திருப்பீர்கள். அதைத் தாண்டினால் மேல் அடுக்கு சரிந்து, சரிவு பழைய நிலைக்கே திரும்பிவிடும். குழியானை இந்த விளிம்பைத்தான் பிடித்து வைத்திருக்கிறது. அடியிலிருந்து மணலை எடுத்துக்கொண்டே இருப்பதால் குழியின் சுவர் எப்போதும் 'இப்போது சரியட்டுமா' என்கிற நிலையிலேயே நிற்கிறது. இதற்கு மேல் ஒரு மணலும் தாங்காது, இப்போதைக்குச் சரியவும் சரியாது.

சரி, அந்தச் சுவரில் ஒரு எறும்பு கால் வைக்கிறது. என்ன ஆகும்? பள்ளி இயற்பியலைக் கேட்டால் ஒரு விசித்திரமான பதில் வரும்: எடையைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்று சொல்லும். சாய்தளத்தில் ஒரு பொருளின் எடை கூடினால் அதைக் கீழே இழுக்கும் விசையும் கூடுகிறது, பிடித்து நிறுத்தும் உராய்வும் அதே விகிதத்தில் கூடுகிறது. கணக்குப் போட்டால் எடை இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகும். அப்படியென்றால் சறுக்கும் கோணத்தில் எறும்புக்கும் யானைக்கும் வித்தியாசம் இருக்கக் கூடாது.

ஆனால் மணல் பலகை இல்லையே. மிதித்தால் குழிகிறது. எல்லா வேடிக்கையும் அங்கேதான்.

பிரான்ஸைச் சேர்ந்த ஆய்வாளர்கள் சிலர் இதை மேஜைமேல் வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். சரியத் தயாராக இருக்கும் மணல் சரிவில் வெவ்வேறு எடையுள்ள பொருட்களை வைத்தார்கள். எது நிற்கிறது, எது சறுக்குகிறது என்று அளந்தார்கள். 2017ல் 'ஃபிசிக்கல் ரிவியூ லெட்டர்ஸ்' இதழில் முடிவு வந்தது. மிக லேசான பொருள் சறுக்கவில்லை. அதன் எடை மணலை அசைக்கவே போதவில்லை. அந்தப் பொருளைப் பொறுத்தவரை மணல் கெட்டித் தரைதான். மிகக் கனமான பொருளும் சறுக்கவில்லை. அது மணலில் நன்றாக அழுந்திவிடுகிறது. அழுந்தும்போது அதன் முன்னால் மணல் ஒதுங்கி மேடாகிறது, அந்த மேடே படிக்கட்டுபோல் அதைத் தாங்கிக்கொள்கிறது. மணல் மேட்டில் நாம் ஏறும்போது பாதச் சுவடு விழுகிறதே, அந்தச் சுவடுதான் நம்மையும் தாங்குகிறது.

மாட்டிக்கொள்பவை நடுவில் இருப்பவை. மணல்துகள்களைப் பிடியிலிருந்து விடுவிக்கிற அளவுக்கு எடை இருக்கிறது. அழுந்தி நின்று படி அமைத்துக்கொள்கிற அளவுக்கு இல்லை. கால் வைத்த இடம் கலைகிறது, ஆனால் சுவடு உருவாவதில்லை. ஆக, அந்த நடு எடையில் உராய்வே குறைந்துபோகிறது. உராய்வுக் குணகம் எடையைச் சார்ந்ததல்ல என்று நாம் மனப்பாடம் செய்தது இந்த இடத்தில் பொய்த்துவிடுகிறது. உராய்வு ஒரு குறிப்பிட்ட அழுத்தத்தில் மிகக் குறைவாகவும், அதற்கு இரண்டு பக்கமும் அதிகமாகவும் இருக்கிறது.

எறும்புகளில் பல இந்த நடுப் பகுதியில்தான் வந்து விழுகின்றன. பொடி எறும்பு ஒன்று குழிச் சுவரில் சாதாரணமாக ஏறிப் போய்விடுவதை நீங்களே பார்க்கலாம். பெரிய வண்டு ஒன்று மணலை உழுதுகொண்டு வெளியே வந்துவிடும். நடுத்தர உடம்புக்காரர்தான் கால் மாற்றிக் கால் வைத்து, வைத்த இடமெல்லாம் நழுவி, இருந்த இடத்திலேயே ஓடிக்கொண்டிருப்பார். எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த விஷயமே இதுதான். இந்தப் பொறியில் வலை இல்லை, பசை இல்லை. எடை பார்த்து ஆள் பிடிக்கிற ஒரு சரிவு, அவ்வளவுதான்.

விலங்கு உலகில் பொறி வைப்பவர்களே குறைவு. அவர்களிலும் பெரும்பாலோர் சிலந்திபோலத் தங்கள் உடம்பிலிருந்து நூல் எடுத்து வைப்பவர்கள். கீழே கிடக்கும் மணலை மட்டும் வைத்துப் பொறி கட்டுவது அபூர்வம். அதை எப்படிக் கட்டுகிறது என்பதும் பார்க்க வேண்டியது. குழியானை பின்பக்கமாகத்தான் நகரும். முதலில் பின்னோக்கியே ஒரு வட்டம் போடுகிறது. பிறகு சுருள் சுருளாக உள்ளே வந்து ஆழமாகிறது. போகிற வழியெல்லாம் தட்டைத் தலையால் மணலை ஏந்தி வெளியே விசிறுகிறது.

நேராக நடுவில் உட்கார்ந்து தோண்டினால் என்ன? பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் நைஜல் ஃபிராங்க்ஸும் கூட்டாளிகளும் 2019ல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது. ஜல்லியும் மணலும் கலந்து கொட்டிய குவியலைக் கட்டடம் நடக்கும் இடத்தில் கவனித்திருப்பீர்கள். பெரிய கல்லெல்லாம் உருண்டு அடிவாரத்துக்கு வந்துவிடும், பொடி மணல் சரிவிலேயே தங்கிவிடும். குழியானை சுருளாகத் தோண்டும்போது எந்நேரமும் ஒரு சரிவின் அடிவாரத்தில்தான் நிற்கிறது. பெரிய துகள்கள் தாமாக உருண்டு அதன் தலைமேல் வந்து சேர்கின்றன. அது அவற்றை விசிறி எறிகிறது. சலித்துப் பிரிக்கிற வேலையைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்கிறது. கடைசியில் குழிச் சுவரில் மிஞ்சுவது பொடி மணல் மட்டும். இரை எளிதில் சறுக்குவதற்குத் தோதான மணல்.

இவ்வளவுக்குப் பிறகும் இரை தப்பிக்கப் பார்த்தால் மணல் வீச்சு இருக்கிறது. எறும்பைக் குறிபார்த்து அடித்து வீழ்த்துகிறது என்று சொல்லிவிடுகிறோம். வீசிய மணல் எறும்பின்மேல் பட வேண்டும் என்றுகூட இல்லை. விளிம்பில் நிற்கிற சுவரின் அடியிலிருந்து மணலை எடுத்தாலே சுவர் சரிந்து எறும்பையும் கூட்டிக்கொண்டு கீழே வரும். 1836 ஜனவரியில் பீகிள் கப்பல் பயணத்தின்போது ஆஸ்திரேலியாவில் ஒரு குழியருகே படுத்துக் கிடந்து இதைப் பார்த்தவர் சார்ல்ஸ் டார்வின். ஒரு ஈ விழுந்தது, உடனே மறைந்தது. அடுத்து ஒரு எறும்பு விழுந்து திமிறியது, அதன்மேல் மணல் பாய்ந்தது. உலகின் இன்னொரு மூலையில் ஐரோப்பியக் குழியானையைப் போலவே ஒன்று இதே தந்திரத்தைச் செய்கிறதே என்று அவர் அதைக் குறித்து வைத்தார். அவருக்கு அப்போது 26 வயது.

இன்னொரு சுவாரசியம். ஒருவகை ஈயின் புழுவும் இதேபோல் மணலில் கூம்புக் குழி வெட்டி எறும்பு பிடிக்கிறது. இரண்டுக்கும் நெருங்கிய உறவு கிடையாது. கால்கூட இல்லாத ஒரு புழு தனி வழியில் அதே பொறிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பொறியின் பாதி வேலையை மணலின் இயல்பே செய்துவிடுவதால் இதில் பெரிய ஆச்சரியமில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

இதற்கெல்லாம் யார் பணம் கொடுக்கிறார்கள், நாட்டில் வேறு பிரச்சினையே இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. செவ்வாயில் ஓடிக்கொண்டிருந்த 'ஸ்பிரிட்' ஊர்தி 2009ல் மென்மையான மணலில் சிக்கிக்கொண்டது. மாதக்கணக்கில் முயன்றும் வெளியே எடுக்க முடியவில்லை. 2010 மார்ச்சுக்குப் பிறகு அதனிடமிருந்து சத்தமே இல்லை. சரிவான மணலில் எந்த எடை நிற்கும், எந்த எடை சறுக்கும் என்பது அந்த அளவுக்கு விலையுள்ள கேள்வி. ஆனால் இந்த வாதத்தை நான் ரொம்பவும் இழுக்க மாட்டேன். குழியானை ஆய்வாளர்கள் செவ்வாயை நினைத்துக்கொண்டு மணலருகே உட்காரவில்லை. எறும்பு ஏன் சறுக்குகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் உட்கார்ந்தார்கள். பயன் தெரிந்த பிறகுதான் காசு என்றால் பல ஆய்வுகள் தொடங்கவே தொடங்காது. நிதிக்குழுக்களில் இருப்பவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்தும் விண்ணப்பத்தில் 'எதிர்பார்க்கும் பயன்' என்று ஒரு கட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள்.

இனி, குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு. மழை படாத, காய்ந்த பொடி மண் உள்ள இடம் பாருங்கள்: தாழ்வாரத்தின் ஓரம், பாறையின் கீழ், பெரிய மரத்தின் அடி. ஈரமான மணலில் தேடாதீர்கள். துகள்கள் ஒட்டிக்கொண்டால் சரிவு வேலை செய்யாது. குழி கிடைத்தால் ஒரே ஒரு மணல்துகளை விளிம்பிலிருந்து உருட்டிவிடுங்கள். சில சமயம் உள்ளே இருப்பவர் பதிலுக்கு மணலை வீசுவார். மணலில் வரும் நுண்ணிய அதிர்வை அவர் உடம்பு முடிகளால் உணர்கிறார். எறும்பைப் பிடித்துப் போட்டுக் காட்ட வேண்டாம், கொஞ்ச நேரம் காத்திருந்தால் தானாகவே ஒன்று வரும். காத்திருக்கக் குழந்தைகளுக்குப் பொறுமை கிடையாது என்பது பெரியவர்களின் கற்பனை. பெரும்பாலும் "போதும், கிளம்பலாம்" என்று சொல்வது நாம்தான். "தொடாதே, கடிக்கும்" என்பதும் நம்முடைய வசனம். குழியானை ஆளைத் தேடி வந்து கடிக்கிற பூச்சி இல்லை. எறும்பின் விஷயம் வேறு.

மெதுவாகத் தோண்டி எடுத்து உள்ளங்கையில் வைத்தால் அது அசையாமல் கிடக்கும். செத்துவிட்டது என்று குழந்தை அழ ஆரம்பிக்கும்முன் சொல்லிவிடுங்கள்: அது நடிப்பு. எவ்வளவு நேரம் நடிக்கும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. பிரிஸ்டல் குழு அளந்ததில் ஒன்று 61 நிமிடம் அப்படியே கிடந்தது. இரை தின்ன வந்த பறவை அலுத்துப்போய் வேறு குழிக்குப் போய்விட வேண்டும் என்பதுதான் கணக்கு. பார்த்து முடித்ததும் எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். பின்பக்கமாக மணலுக்குள் புதைந்துகொள்ளும்.

பிள்ளைகள் கட்டாயம் கேட்கப்போகிற ஒரு கேள்விக்கும் பதில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: இது எங்கே போய் 'கக்கா' போகும்? புழுவாக இருக்கும்வரை போகவே போகாது. அதன் நடுக்குடல் பின்பக்கம் அடைபட்டிருக்கிறது. திடக் கழிவு முழுவதும் உள்ளேயே சேர்கிறது. இரையின் சாற்றை மட்டும் உறிஞ்சிவிட்டுக் கூட்டை வெளியே எறிந்துவிடுவதால் கழிவும் குறைவு. இரை கிடைக்காவிட்டால் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும் என்பதால், புழுப் பருவம் சில சமயம் இரண்டு மூன்று வருடம்கூட நீளும். பிறகு உடம்பின் பின்முனையிலிருந்து பட்டு நூல் எடுத்து மணல் ஒட்டிய உருண்டைக் கூடு ஒன்றைக் கட்டி, உள்ளே கூட்டுப்புழுவாகிறது. இறக்கையோடு வெளியே வந்த பிறகுதான் இத்தனை காலத்துக் கழிவும் ஒரே தடவையில் வெளியேறுகிறது. அந்த இறக்கைப் பூச்சி இரவில் விளக்கடியில் வந்து உட்காரும், தும்பி என்று நினைத்துவிடுவோம். தும்பியின் உணர்கொம்பு கண்ணுக்கே தெரியாத அளவு குட்டை. இதற்கு நீளமாக, நுனி பருத்து இருக்கும்.