தூக்கிவாரிப் போட்ட கையோடு சிரிப்பு வருவது எப்படி?

2011-ல் 'காஞ்சனா' வந்தபோது குடும்பத்தோடு போயிருந்தோம். பக்கத்து இருக்கையில் அத்தை. திரை இருண்டு பின்னணி இசை அடங்கினாலே என் முழங்கையைப் பிடித்துக்கொள்வார். கோவை சரளா அலறி ஓடும்போது வாய்விட்டுச் சிரிப்பார். ஆனால் பிடியை மட்டும் விடமாட்டார். இடைவேளையில் பார்த்தால் கையில் நகம் பதிந்த தடம். முகம் சிரிக்கிறது, விரல்கள் இன்னும் பயந்துகொண்டிருக்கின்றன. பேய்க் காமெடிப் படம் வேலை செய்யும் விதமே இதுதான்.

முதலில் பயம். திடீரென்று பெருஞ்சத்தம் கேட்டால் தூக்கிவாரிப் போடுகிறதே, அது அனிச்சைச் செயல். காதிலிருந்து செய்தி மூளைத்தண்டுக்குப் போய், அங்கிருந்து நேராகத் தசைகளுக்குப் பாய்கிறது. கண் சிமிட்ட ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரம்கூட ஆவதில்லை. 'இது வெறும் சினிமா' என்று நாம் நினைத்து முடிப்பதற்குள் தோள் குலுங்கிவிடுகிறது. எத்தனை பேய்ப் படம் பார்த்தவரும் இதிலிருந்து முழுதாகத் தப்ப முடியாது.

ஆனால் அந்தக் குலுங்கல் எவ்வளவு பெரியது என்பதை மாற்றலாம். மூளைக்குள் பாதாம்பருப்பு அளவில் இருக்கும் அமிக்டலா, 'ஏதோ வரப்போகிறது' என்று எதிர்பார்த்துக் காத்திருந்தால், அதே சத்தத்துக்கு உடல் இன்னும் பலமாக அதிர்கிறது. இருட்டில் இருக்கும் மனிதர்களுக்கு இந்த அதிர்ச்சி கூடுவதைச் சோதனைகளில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். கதவு திறப்பதற்கு முன்னால் வரும் அந்த நீண்ட அமைதி சும்மா வைத்ததல்ல. பயத்தில் பாதியை நாமே அந்த நேரத்தில் தயாரித்துவிடுகிறோம்.

கூடவே சிறுநீரகத்தின் மேலே உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை ரத்தத்தில் கலக்கின்றன. நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. சரி, திரும்பிப் பார்த்தால் வந்தது பேயல்ல, தண்ணீர் குடிக்க எழுந்த அண்ணி. ஆபத்தில்லை என்று மூளைக்கு உடனே புரிந்துவிடுகிறது. ரத்தத்தில் கலந்ததை அவ்வளவு சீக்கிரம் திரும்ப எடுக்க முடியாது. படபடப்பு அடங்கச் சில நிமிடங்கள் ஆகும்.

அந்தச் சில நிமிடங்களில்தான் காமெடி நுழைகிறது. டால்ஃப் ஜில்மான் என்ற உளவியலாளர் 1970-களில் இதை விளக்கினார்: ஓர் உணர்ச்சி கிளப்பிவிட்ட படபடப்பு மிச்சமிருக்கும்போது அடுத்த உணர்ச்சி வந்தால், அந்த மிச்சமும் புதியதோடு சேர்ந்துகொள்ளும். அவருடைய சோதனை ஒன்றில், சீண்டப்பட்ட பிறகு சைக்கிள் மிதித்தவர்கள், ஓய்வாக இருந்தவர்களைவிடக் கடுமையாகத் திருப்பிக் கொடுத்தார்கள். சைக்கிள் தந்த படபடப்பு கோபத்தின் கணக்கில் சேர்ந்துவிட்டது. தியேட்டரில் பேய் தந்த படபடப்பு சிரிப்பின் கணக்கில் சேர்கிறது. அதனால்தான், தனியாகக் கேட்டால் லேசாகப் புன்னகைக்க வைக்கும் வசனத்துக்குக்கூட அங்கே வயிறு வலிக்கச் சிரிக்கிறோம். எடிட்டர் அந்த வசனத்தைப் பத்து நிமிடம் தள்ளி வைத்தால் பாதிச் சிரிப்பு போய்விடும்.

கூட்டமும் உதவுகிறது. தனியாக இருப்பதைவிட ஆட்களோடு இருக்கும்போது சுமார் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறோம் என்று சிரிப்பை ஆராய்ந்த உளவியலாளர் ராபர்ட் புரோவைன் கணக்கிட்டார்.

அப்புறம் வருவது பழி. என்னைப் பொறுத்தவரை இந்தப் படத்தின் உயிர் இங்கேதான். சரத்குமார் நடித்த காஞ்சனா, பெற்றவர்களே துரத்திவிட்ட திருநங்கை. கீதா என்ற இன்னொரு திருநங்கையை வளர்த்து டாக்டருக்குப் படிக்க வைக்கிறார். மருத்துவமனை கட்ட வாங்கிய நிலத்துக்காகக் காஞ்சனாவைக் கொன்றுவிடுகிறார்கள். இந்தக் கதை தெரிந்ததும் பேய் நம் பக்கத்து ஆள் ஆகிவிடுகிறது. 2004-ல் சூரிச் ஆய்வாளர்கள், பண விளையாட்டில் ஏமாற்றப்பட்டவர்களின் மூளையைப் படம் பிடித்தார்கள். ஏமாற்றியவரைத் தண்டிக்கும்போது, பரிசு கிடைத்தால் விழித்துக்கொள்ளும் ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதி துடிப்பானது. சிலர் கைக்காசைச் செலவழித்துக்கூடத் தண்டித்தார்கள். அநியாயம் செய்தவன் அடிபடுவது மூளைக்கு இனிக்கிறது.

கிளைமாக்ஸில் பயத்தின் மிச்சமும் சிரிப்பின் மிச்சமும் அந்த இனிப்போடு சேர்ந்துவிடுகின்றன. ராகவா லாரன்ஸ் உடம்பில் காஞ்சனா இறங்கி வில்லனைத் தேடிப் போனபோது, அத்தை முதல்முறையாக என் முழங்கையை விட்டார். கைதட்ட அவருக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.