ஸ்பாய்லர்: கெடுப்பவரா, பிரிப்பவரா?

சினிமா விமர்சனத்தின் தலையில் ‘ஸ்பாய்லர் உண்டு’ என்று போடுகிறோமே, அதே சொல்தான். அமெரிக்கத் தேர்தலில் மூன்றாவது கட்சி வேட்பாளரை இப்படித் திட்டுவார்கள். தானும் ஜெயிக்கமாட்டார், ஜெயிக்கவேண்டியவரையும் கவிழ்த்துவிடுவார் என்று அர்த்தம்.

மூலம் லத்தீன் ‘ஸ்போலியும்’. விலங்கிலிருந்து உரித்த தோலுக்கு அந்தப் பெயர். அப்புறம், விழுந்த எதிரியின் உடலிலிருந்து கழற்றிய கவசத்துக்கும் ஆயுதத்துக்கும் ஆனது. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தபோது கொள்ளையடித்தல். ‘கெடுத்தல்’ பிற்பாடு ஒட்டிக்கொண்டது. ஆக, ஆதியில் ஸ்பாய்லர் பறிப்பவர். நம் செய்தித்தாள்கள் ‘வெற்றி வாய்ப்பைத் தட்டிப் பறித்தார்’ என்று எழுதும்போது, அகராதியைப் புரட்டாமலே லத்தீனுக்குப் பக்கத்தில் போய்விடுகின்றன.

சரி, பறித்தார் என்றால் முதலில் அது யாருடைய சொத்து? 2000 அதிபர் தேர்தலில், புளோரிடாவில் குடியரசுக் கட்சியின் புஷ், ஜனநாயகக் கட்சியின் அல் கோரை முந்தியது வெறும் 537 ஓட்டில். பசுமைக் கட்சியின் ரால்ஃப் நேடருக்கு அங்கே விழுந்தவை 97,488. நேடர் நிற்காவிட்டால் அவர்களில் சிலர் வீட்டிலேயே இருந்திருப்பார்கள், சிலர் புஷ்ஷுக்கே குத்தியிருப்பார்கள். அதையெல்லாம் கழித்தாலும் கோருக்கு 537 தேறியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். கோரை ஓரளவாவது விரும்பியவருக்கு அங்கே அது புத்திசாலித்தனமான ஓட்டு இல்லை. ஆனால் அதே நேடருக்கு டெக்சாஸில் போட்டவர் யார் பிழைப்பையும் கெடுக்கவில்லை. புஷ்ஷின் சொந்த மாநிலம் அது. முதலிடம் வந்தவருக்கே, அதிபரைத் தேர்ந்தெடுக்கும் அந்த மாநிலத்தின் தேர்வாளர்கள் மொத்தமும்.

1912 இன்னும் வேடிக்கை. குடியரசுக் கட்சியிலிருந்து பிரிந்து தனிக்கட்சி கண்ட தியோடர் ரூஸ்வெல்ட் சுமார் 27 சதவீதம் வாங்கி இரண்டாமிடம். குடியரசுக் கட்சியின் அதிகாரபூர்வ வேட்பாளர், பதவியிலிருந்த அதிபர் டாஃப்ட், 23 சதவீதத்தோடு மூன்றாமிடம். ஜனநாயகக் கட்சியின் வில்சன் 42 சதவீதத்திலேயே ஜெயித்தார். இதில் யார் யாரைக் கெடுத்தது? எண்ணிக்கையைப் பார்த்தால் டாஃப்டைத்தான் சொல்லவேண்டும். பட்டம் என்னவோ ரூஸ்வெல்ட்டுக்கு.

தமிழில் ‘கெடுப்பவர்’ என்பது நேர்ப்பொருள். எனக்கு அது உவப்பில்லை. தீர்ப்பையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. டீக்கடையில் ‘ஓட்டைப் பிரிக்கிறவன்’ என்பார்களே, அது மேல். எழுத்துக்கு ‘வாக்குப் பிரிப்பாளர்’ என்று வைத்துக்கொள்ளலாம். பிரிப்பதற்கு முன் அது ஒரே பானைச் சோறாக இருந்தது என்ற நினைப்பு இதிலும் ஒளிந்திருக்கிறது என்பது வேறு விஷயம்.

இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் இந்தச் சொல்லுக்கு அவ்வளவு வேலை இருக்கக்கூடாது. அங்கே வாக்குச்சீட்டில் 1, 2, 3 என்று விருப்பு வாக்கு இடலாம். 2024இல் தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனுக்கு 1 போட்டவர், முன்னணியில் இருந்த இருவரில் ஒருவருக்கு 2 போட்டிருந்தால் இரண்டு ஆசையும் நிறைவேறியிருக்கும். யாரும் 50 சதவீதத்தைத் தாண்டாததால் அந்த ஆண்டுதான் முதன்முறையாக, முதல் இருவர் தவிர மற்றவர்களை நீக்கி, அவர்களுடைய சீட்டுகளில் இருந்த 2, 3ஐ இரண்டாம் சுற்றில் எண்ணினார்கள். முதல் இரண்டு இடம் பிடித்த அநுரவுக்கும் சஜித்துக்கும் அப்படிச் சேர்த்துக் கிடைத்த விருப்பு வாக்கு மூன்று லட்சத்தைக்கூட எட்டவில்லை. மூன்றாமிடம் வந்த ரணில் ஒருவருக்கு 1 போட்டவர்களே இருபது லட்சத்துக்கு மேல்.