கேமரா ரெடி 'மட்டும்' பாக்கியா?

"மேம், பேப்பர் அக்செப்ட் ஆயிடுச்சு!" என்று ஸ்காலர்கள் போன் செய்யும்போது எனக்கும் அவர்களோடு சேர்ந்து சந்தோஷம்தான். ஒரு வருடம் லேபில் உட்கார்ந்து உழைத்ததற்குக் கிடைத்த பலன் அது. ஆனால் அடுத்து வரும் வரியைக் கேட்டதும் வயிற்றில் புளியைக் கரைக்கும். "கேமரா ரெடி மட்டும்தான் மேம் பாக்கி. இன்னைக்கு ராத்திரி அனுப்பிடறேன்."

மாநாட்டில் ஏற்கப்பட்ட கட்டுரையைத் திருத்தி, அப்படியே வெளியிடத் தயாரான வடிவில் அனுப்பும் இறுதிப் பிரதிதான் கேமரா ரெடி. அந்த 'மட்டும்' செய்கிற சேதத்தைப் பல வருடங்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சொல்லித் தருகிறேன். சில மாநாடுகளில் பப்ளிகேஷன் கமிட்டியில் இருந்து, வந்து குவியும் இறுதிப் பிரதிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்திருக்கிறேன். ரிவியூவர்கள் மனதாரப் பாராட்டிய நல்ல ஆராய்ச்சி, அரைகுறை அலங்காரத்தோடு மணமேடைக்கு வந்த பெண் மாதிரி வந்து நிற்கும். பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கும்.

ஜர்னலில் கட்டுரை வந்தால் பதிப்பகத்தில் ஒருவர் மொழியைத் திருத்துவார், புரூஃப் அனுப்புவார், பிழை இருந்தால் சொல்ல ஒரு வாய்ப்பு கிடைக்கும். பெரும்பாலான மாநாடுகளில் அப்படி யாரும் கிடையாது. நீங்கள் ஏற்றும் பிடிஎஃப் அப்படியே டிஜிட்டல் நூலகத்துக்குப் போய்விடும். உங்களுக்குப் பிறகு அதை வரிவரியாகப் படித்துத் திருத்த ஆளில்லை. அந்தப் பெயரே இதைத்தான் சொல்கிறது. கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பு ஆசிரியர்கள் தட்டச்சு செய்து அனுப்பிய தாளை நிஜமாகவே கேமராவால் படம் பிடித்து, அந்த நெகட்டிவில் இருந்து அச்சுத் தகடு செய்தார்கள். மார்ஜின் எங்கே என்று காட்ட அந்தத் தாளில் வெளிர் நீலக் கோடுகள் இருக்கும். கேமராவில் அந்த நீலம் விழாது. ஆசிரியர் தந்த பக்கம்தான் அச்சான பக்கம். கேமரா போய்விட்டது, பொறுப்பு மட்டும் அப்படியே நம்மிடம் இருக்கிறது.

முதலில் பெயரைப் பற்றிச் சொல்கிறேன். நம் ஊர்க்காரர்கள் அதிகம் இழப்பது இங்கேதான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். மாணவர் ஒருவர் 'கார்த்திக் எஸ்' என்று போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மார்க் ஷீட்டில், ஆதாரில் எல்லாம் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் மேற்கோள் மென்பொருள்கள் கடைசியில் இருக்கும் சொல்லைத்தான் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும், முன்னால் இருப்பதைச் சுருக்கிவிடும். ஆக, நாளைக்கு வேறொருவர் இவர் கட்டுரையை மேற்கோள் காட்டும்போது அச்சில் வருவது 'கே. எஸ்'. கார்த்திக் காணாமல் போய்விட்டார். அதையே 'எஸ். கார்த்திக்' என்று போட்டிருந்தால் எந்தப் பாணியில் சுருக்கினாலும் பெயர் தங்கியிருக்கும். சில பதிப்பகங்கள் முதல் பெயரை விரித்து எழுதச் சொல்லும். அப்போது அப்பா பெயரைச் சேர்த்து 'கார்த்திக் சுப்பிரமணியன்' என்று போட்டால், உலகத்துக்கு இவர் 'கே. சுப்பிரமணியன்' ஆகிவிடுவார். மூன்று கட்டுரை, மூன்று மனிதர்கள்!

இது எனக்கே நடந்தது. கல்யாணத்துக்கு முன் வந்த கட்டுரைகளில் அப்பாவின் இனிஷியல், அதற்குப் பின் வந்தவற்றில் கணவரின் இனிஷியல். ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுக்கும் ஸ்கோபஸ் தளம் என்னை இரண்டு ஆளாகப் பிரித்து வைத்திருந்தது. அதை ஒன்றாக்கக் கேட்டு எழுதி, சரியாகும்வரை என் பாதி உழைப்பு வேறு யாருடைய கணக்கிலோ இருப்பது போலவே தோன்றியது. அதனால் முதல் கட்டுரைக்கு முன்பே உங்கள் பெயர் வடிவத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரு முறை முடிவு செய்தால் அப்புறம் மாற்ற வேண்டாம். ஆய்வாளரை அடையாளம் காட்டும் ஆர்கிட் ஐடி இலவசம்தான், 2012-லிருந்து நடைமுறையில் இருக்கும் 16 இலக்க எண். அதை எடுத்து எல்லாக் கட்டுரையிலும் சேருங்கள். கட்டுரையை ஏற்றும் ஈஸிசேர், சிஎம்டி போன்ற தளங்களில் நீங்கள் அவசரத்தில் நிரப்பிய பெயரும் பிடிஎஃப்பில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். பொருளடக்கமும் தேடல் தளங்களுக்குப் போகும் தரவும் பல நேரம் அந்தப் படிவத்திலிருந்துதான் எடுக்கப்படுகின்றன.

பெயர் மறைத்து ரிவியூ நடந்த மாநாடு என்றால் இன்னொன்றும் உண்டு. அப்போது நீக்கிய ஆசிரியர் பெயர்கள், நன்றியுரை, நிதி தந்த திட்டத்தின் எண், கோட் இருக்கும் இணைப்பு எல்லாவற்றையும் இப்போது திரும்பச் சேர்க்க வேண்டும். நிதி எண்ணை விட்டுவிட்டுப் பிறகு திட்ட அறிக்கையில் அந்தக் கட்டுரையைக் காட்ட முடியாமல் தவித்தவர்களைத் தெரியும்.

அடுத்தது டெம்ப்ளேட். பல மாநாடுகளை நடத்தும் பொறியாளர் அமைப்பான ஐ டிரிபிள் ஈ தரும் வேர்ட் டெம்ப்ளேட்டில் எப்படி எழுத வேண்டும் என்று விளக்கும் மாதிரி வாசகங்கள் நிறைய இருக்கும். அனுப்பும் முன் அவற்றையெல்லாம் நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் கட்டுரை வெளியாகாமல் போகலாம் என்று சிவப்பு எழுத்தில் எச்சரிக்கையும் இருக்கும். அந்த எச்சரிக்கையோடு சேர்த்தே அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். நெல் இலை நோயைப் படம் பார்த்துக் கண்டுபிடிக்கும் கட்டுரை ஒன்றின் மேற்கோள் பட்டியலில் மேக்ஸ்வெல்லின் மின்காந்த நூல், 1892 பதிப்பு, இருந்தது. டெம்ப்ளேட்டில் மாதிரிக்காக இருந்த மேற்கோள் அது. தன் பட்டியலை அதற்கு மேலே ஒட்டிய மாணவர் கீழே இருந்ததை நீக்க மறந்துவிட்டார்.

இது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். பெரிய பதிப்பகமான எல்சிவியர் தன் ஆசிரியர் வழிகாட்டியில் மாதிரிக்காக ஒரு கட்டுரையின் பெயரைப் போட்டிருந்தது. வான் டெர் கீர் முதலானோர் 2000-இல் எழுதியதாகச் சொல்லும் அப்படி ஒரு கட்டுரையே உலகத்தில் கிடையாது. ஆனால் அது ஏறக்குறைய 400 கட்டுரைகளில் மேற்கோளாக ஏறியிருந்தது. நெதர்லாந்துப் பேராசிரியர் பீட்டர் க்ரோனன்பெர்க் கண்ணில் பட்டு, பேராசிரியர் ஆன்-வில் ஹார்சிங் 2017-இல் இதை வெளியே சொன்னார். அந்தக் கட்டுரைகளில் பெரும்பாலானவை மாநாட்டுக் கட்டுரைகள். எத்தனை பேர் கைகளைத் தாண்டி அது போயிருக்கும்!

இப்போது இதைவிடப் பெரிய தலைவலி வந்திருக்கிறது. ஏஐயிடம் கேட்டு எடுத்த மேற்கோள்களில் ஆசிரியர் பெயர், ஜர்னல், வருடம் எல்லாம் கச்சிதமாக இருக்கும். கட்டுரை மட்டும் இருக்காது. அதனால் என் ஸ்காலர்களுக்கு ஒரே விதிதான்: பட்டியலில் உள்ள ஒவ்வொரு டிஓஐயையும் (கட்டுரையின் நிரந்தர இணைய எண்) கையால் கிளிக் செய்து, திறந்து, தலைப்பைச் சரிபார்க்க வேண்டும். 25 மேற்கோளுக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஆகட்டும். அப்படிப் பார்க்கும்போதே ரிவியூவுக்கு முன்பே கட்டுரை போடும் தளமான ஆர்கைவில் மட்டும் இருந்த கட்டுரை இதற்குள் மாநாட்டில் வெளியாகியிருப்பதும் தெரியவரும். வெளியான வடிவத்தையே குறிப்பிடுங்கள். லேடெக் என்ற மென்பொருளில் எழுதுகிறவர்கள் மேற்கோள்களை வைத்திருக்கும் பிப் கோப்பில் ஐஓடி, சிஎன்என் போன்ற சுருக்கங்களை நெளி அடைப்புக்குள் போடாவிட்டால் தலைப்பில் அவை சின்ன எழுத்தாக மாறிவிடும். அதையும் கவனியுங்கள்.

படங்களுக்கு வருகிறேன். ஐ டிரிபிள் ஈ பக்கம் செய்தித்தாள் மாதிரி இரண்டு பத்திகளாகப் பிரிந்திருக்கும்; ஒரு பத்தியின் அகலம் 88.9 மில்லிமீட்டர், அதாவது மூன்றரை அங்குலம். கிட்டத்தட்ட ஒரு ஏடிஎம் கார்டின் நீளம். மாணவர்கள் லேப்டாப் திரை முழுக்க கிராஃப் வரைந்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை இந்தக் கார்டு அளவுக்குள் அமுக்குகிறார்கள். தாளில் எடுத்துப் பார்த்தால் கிராஃபின் எக்ஸ், ஒய் அச்சுகளில் உள்ள எண்கள் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். வரையும்போதே மூன்றரை அங்குல அகலத்தில், எட்டுப் பாயின்ட் எழுத்தில் வரையுங்கள். கோடுகளால் ஆன படம் என்றால் பிடிஎஃப் அல்லது இபிஎஸ் வடிவில் சேமியுங்கள், எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. புகைப்படம் என்றால் 300 டிபிஐக்குக் குறையக் கூடாது. சிவப்புக் கோடும் பச்சைக் கோடும் மட்டும் வைத்து இரண்டு முறைகளை ஒப்பிடாதீர்கள். கறுப்பு வெள்ளையில் அச்செடுத்தால் இரண்டும் ஒரே சாம்பல் நிறம்தான், நிறக்குறைபாடு உள்ளவர்களுக்கும் அப்படித்தான். ஒன்றுக்கு வட்டம், ஒன்றுக்கு முக்கோணம் என்று குறி வையுங்கள், முடிந்தது.

பைத்தானில் மேட்பிளாட்லிப் வைத்து வரைகிறவர்களுக்கு மறைந்திருக்கும் ஒரு சிக்கல் உண்டு. அது பிடிஎஃப்பில் எழுத்துருக்களை இயல்பாக டைப் 3 என்ற வகையில்தான் பதிக்கும். பிடிஎஃப்பைச் சோதிக்கும் ஐ டிரிபிள் ஈயின் தளமான பிடிஎஃப் எக்ஸ்பிரஸ் அதை ஏற்காது. படத்தில் இருக்கும் எழுத்துக்காக முழுக் கட்டுரையும் ஃபெயில் ஆகும். மாணவர் டெம்ப்ளேட்டையே மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார். மேட்பிளாட்லிப்பில் பிடிஎஃப் ஃபான்ட்டைப் என்ற அமைப்பை 42 என்று மாற்றிப் படத்தைத் திரும்பச் சேமித்தால் சரியாகிவிடும்.

அப்புறம், பிடிஎஃப் எக்ஸ்பிரஸ் பாஸ் என்று சொல்லிவிட்டதால் எல்லாம் சரி என்று அர்த்தமில்லை. எழுத்துரு பதிந்திருக்கிறதா, பாஸ்வேர்டு இருக்கிறதா, புக்மார்க் இருக்கிறதா என்பது போன்றவற்றைத்தான் அது பார்க்கும். மார்ஜின் தவறாக இருந்தாலும், படம் பத்திக்கு வெளியே துருத்திக்கொண்டு இருந்தாலும் அது பாஸ் போட்டுவிடும். வேர்டில் எழுதியவர்கள் பிடிஎஃப் ஆக்கிய பிறகு 'எரர்! ரெஃபரன்ஸ் சோர்ஸ் நாட் ஃபவுண்ட்' என்று எங்காவது வந்திருக்கிறதா என்று தேடுங்கள். லேடெக்காரர்கள் இரட்டைக் கேள்விக்குறியைத் தேடுங்கள். ஸ்பிரிங்கர் பதிப்பகத்தின் எல்என்சிஎஸ் என்ற மாநாட்டு நூல் தொடருக்கு எழுதுகிறவர்கள் ஐ டிரிபிள் ஈயின் பழக்கத்தை அங்கே கொண்டுபோக வேண்டாம். அங்கே ஒரே பத்தி, எழுத்து இருக்கும் பரப்பு 122-க்கு 193 மில்லிமீட்டர், பிடிஎஃப்போடு மூலக்கோப்புகள் அத்தனையும் சேர்த்து அனுப்ப வேண்டும். ஒரு வரி மிஞ்சுகிறது என்று இடைவெளியைச் சுருக்கி, மார்ஜினை நகர்த்தி ஒட்ட வைக்காதீர்கள். வாக்கியத்தைச் சுருக்குங்கள். சுருக்க முடியாத பாராவே கிடையாது.

முதல் பக்க அடியில் வரும் காப்பிரைட் வரியைச் சீனியரின் பழைய கோப்பிலிருந்து எடுக்காதீர்கள். அதில் போன வருடமும் வேறு மாநாட்டின் எண்ணும் இருக்கும். காப்பிரைட் படிவம், ஒரு ஆசிரியராவது பதிவுக் கட்டணம் செலுத்துவது, மாநாட்டில் வாசிப்பது மூன்றும் பொதுவாகக் கட்டாயம். வாசிக்காத கட்டுரையைத் தன் நூலகத்தில் சேர்க்காமல் விட ஐ டிரிபிள் ஈக்கு உரிமை உண்டு. டெட்லைன் 'எனிவேர் ஆன் எர்த்', அதாவது உலகின் கடைசி நேர மண்டலத்தில் அந்த நாள் முடியும் வரை, என்று போட்டிருந்தால், அது நமக்கு மறுநாள் மாலை 5.29 வரை.

மற்றவர்கள் எழுதியதோடு உங்கள் கட்டுரை ஒத்துப்போகும் சதவீதம் பற்றியும் சொல்லியாக வேண்டும். எழுத்துத் திருட்டைத் தடுக்கும் யுஜிசியின் 2018 விதிகளில் 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. மேற்கோள் பட்டியல் அந்தக் கணக்கில் வராது. அந்த எண்ணைக் குறைப்பதற்காகச் சிலர் கட்டுரையைச் சொல் மாற்றும் மென்பொருளில் போடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ் என்பது 'கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ்' ஆகவும், மார்பகப் புற்றுநோய் 'பூஸம் பெரில்' ஆகவும் மாறிய கட்டுரைகளை 2021-இல் பிரெஞ்சுக் கணினி அறிஞர் கியோம் கபனாக்கும் உடன் ஆய்வாளர்களும் வரிசையாகக் கண்டுபிடித்தார்கள். இப்போது அப்படிப்பட்ட சொற்களைத் தேடுவதற்கென்றே கருவி இருக்கிறது. உங்கள் சொந்த வாக்கியம் சற்றுத் தடுமாறினாலும் பரவாயில்லை, அது உங்களுடையது.

ரிவியூவர் கேட்டதை நிஜமாகவே செய்யுங்கள். மொழியைக் கணினியில் ஆராய்பவர்களின் ஏசிஎல் மாநாட்டில் நீண்ட கட்டுரை என்றால் ரிவியூவுக்கு எட்டுப் பக்கம், இறுதிப் பிரதிக்கு ஒன்பது பக்கம். அந்தக் கூடுதல் பக்கம் ரிவியூவர்களுக்குப் பதில் சொல்வதற்காகவே தரப்படுவது. திருத்தும்போது முடிவுகளில் பிழை இருப்பது தெரிந்தால் மறைக்காமல் மாநாட்டின் புரோகிராம் சேர்களுக்கு, அதாவது பொறுப்பாளர்களுக்கு, எழுதிக் கேளுங்கள். அவர்கள் உங்கள் எதிரிகள் இல்லை.

கடைசியாக நான் வற்புறுத்தும் ஒன்று. டெட்லைனுக்கு இரண்டு நாள் முன்னால் கட்டுரையை அச்செடுத்து, சத்தம் போட்டு வாசிக்க வேண்டும். திரையில் பார்த்தால் கண் வழுக்கிக்கொண்டு போய்விடும். போன செமஸ்டரில் என் ஸ்காலர் ஒருவர் என் அறையில் உட்கார்ந்து வாசித்தார். சுருக்கத்தில் துல்லியம் 97.2 சதவீதம். அட்டவணைக்கு வந்தபோது 96.8. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பேனாவை எடுத்து வட்டம் போட்டார், தொடர்ந்து வாசித்தார். முடிவுரையில் 'சுமார் 98' என்று வந்தது. லேப்டாப்பைத் திறந்து பழைய லாக் கோப்பைத் தேடினோம். 96.8-தான் சரி. மற்ற இரண்டும் பழைய ஓட்டங்களின் எண்கள். ரிவியூவர் மூன்று பேர் கண்ணிலும் படாமல் தப்பியிருந்தன. மற்ற இரண்டு இடத்திலும் 96.8 என்று மாற்றி, மறுபடியும் அச்செடுத்து, முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தார்.