மரபியல் வேறு, கொடிவழி வேறு

மரபியல் என்ற சொல்லைத் தப்பான இடத்தில் போடுவதைப் போன வாரம் இன்னொரு தடவை கேட்டாயிற்று. பிரபலங்கள் தங்கள் முன்னோரைத் தேடிப் போகிற அமெரிக்க நிகழ்ச்சி ஒன்றைப் பற்றி யாரோ தமிழில் குரல் கொடுத்த காணொளி. பழைய தேவாலயப் பதிவேட்டைப் புரட்டி, உங்கள் பூட்டன் இந்தக் கப்பலில் வந்து இறங்கினார் என்று சொல்கிற அம்மையாரை 'மரபியல் நிபுணர்' என்றார்கள். பத்து நிமிடம் கழித்து, எச்சிலைக் குப்பியில் வாங்கி டி.என்.ஏ. சோதனை செய்தவர் வந்தார். அவரும் 'மரபியல் நிபுணர்'தான். பக்கத்தில் இருந்த அம்மா, "ஏங்கண்ணு, ரெண்டு பேருக்கும் ஒரே வேலையா?" என்று கேட்டார். அம்மா சரியாகத்தான் கவனித்திருக்கிறார், தப்பு மொழிபெயர்த்தவர் மேல்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முன்னோர் வழியைத் தேடும் வேலைக்கு ஆங்கிலத்தில் ஜீனியாலஜி என்று பெயர், அது கிரேக்கத்திலிருந்து வந்தது: 'ஜெனியா' என்றால் தலைமுறை, பிறந்த வழி, 'லோகியா' அதை எடுத்துச் சொல்வது. மரபணுவை ஆராயும் ஜெனிடிக்ஸ் மிகவும் பிந்தியது, 1905இல் வில்லியம் பேட்சன் என்ற ஆங்கிலேய உயிரியலாளர் ஒரு கடிதத்தில் முன்வைத்த பெயர். இரண்டுக்கும் அடியில் பிறப்பைக் குறிக்கும் ஒரே வேர்தான் கிடக்கிறது. அந்த ஒற்றுமையைப் பார்த்து இரண்டுக்கும் ஒரே தமிழ்ச் சொல்லைப் போட்டுவிடுகிறார்கள்.

மரபியல் என்பது தமிழுக்குப் புதிதல்ல. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் கடைசி இயலுக்கு அதுதான் பெயர். பார்ப்பு, பறழ், குட்டி, குருளை என்று இளமைப் பெயர்களைச் சொல்லித் தொடங்கும் இயல் அது, அங்கே மரபு என்றால் வழிவழியாக வந்த சொல்வழக்கு. பிறகு நம் காலத்தில் அந்தச் சொல்லை உயிரியலுக்குக் கொடுத்தோம். மரபணு, மரபுப் பண்பு என்று அதைச் சுற்றி ஒரு சொற்கூட்டமே நிலைத்துவிட்டது. மெண்டலின் பட்டாணிச் செடியைப் பள்ளியில் தமிழில் படித்த யாருக்கும் மரபியல் என்றால் அதுதான் நினைவுக்கு வரும். இனி அதைப் பிடுங்கி இன்னொரு துறைக்கும் கொடுப்பது, ஒரே வீட்டுக்கு இரண்டு பேருக்குக் கிரயம் எழுதிக் கொடுப்பது மாதிரி.

'சோழ மரபு, பாண்டிய மரபு என்கிறோமே, மரபுக்குக் குலவழி என்ற பொருளும் உண்டே' என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். உண்டுதான், மறுக்கவில்லை. ஆனால் சொல்லை வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள். பி.பி.சி. 2004இல் தொடங்கிய, இதே மாதிரி முன்னோரைத் தேடும் 'ஹூ டூ யூ திங்க் யூ ஆர்' நிகழ்ச்சியில் 2016இல் நடிகர் டேனி டையர் வந்தார், தேடிப் போனதில் அவர் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்டின் வழிவந்தவர் என்று தெரிந்தது. இதை 'டையரின் மரபியல் மூன்றாம் எட்வர்டு வரை போகிறது' என்று எழுதினால் வாக்கியம் நிற்கிறதா? 'டையரின் கொடிவழி மூன்றாம் எட்வர்டு வரை போகிறது' என்றால் எந்தப் பாட்டிக்கும் புரியும்.

கொடிவழி நான் உருவாக்கிய சொல் இல்லை, அகராதியில் இருப்பதுதான். கால்வழி, குடிவழி என்றும் சொல்லலாம், அவையும் நல்ல சொற்களே. எனக்குக் கொடிவழி பிடித்ததற்குக் காரணம் பொடக்காலியில், அதாவது வீட்டுக் கொல்லையில், படரும் அரசாணிக் கொடி, பூசணியைத்தான் சொல்கிறேன். காய் வேலிக்கு அந்தப் பக்கம் கிடக்கும். அது எந்தக் குழியில் போட்ட விதை என்று தெரிய வேண்டுமானால் இலையை விலக்கி, கணுக்கணுவாகக் கொடியைப் பிடித்துக்கொண்டே பின்னால் வர வேண்டும், நடுவில் இன்னொரு கொடி பின்னிக்கொண்டிருந்தால் வழி தப்பிவிடும். அந்த நிகழ்ச்சிகளில் செய்கிற வேலை அச்சு அசல் இதுதான்.

இதற்கே வழங்கும் வம்சாவளி என்ற சொல்லையும் நான் எதிர்க்கவில்லை. வடசொல் என்பதற்காக ஒரு சொல்லை விரட்டுகிற ஆள் நானில்லை, எனக்குத் தெளிவுதான் முக்கியம். ஆனால் 'வம்சாவழி' என்று ழகரம் போட்டு எழுதாதீர்கள். அது வம்சம், ஆவளி. தீபாவளியில் இருக்கிற அதே ஆவளி, வரிசை என்று பொருள். வம்சம் என்பதற்கு வடமொழியில் மூங்கில் என்றும் பொருள் உண்டு. நம் கல்யாண வாழ்த்திலும் 'மூங்கில்போல் சுற்றம் முசியாமல்' என்றுதானே வருகிறது! இன்னொன்று, பரன், பரை என்ற ஏழாம் தலைமுறையிலிருந்து 'பரம்பரை' வந்தது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அதை நம்ப வேண்டாம். ஒன்றன்பின் ஒன்றாக என்று பொருள்படும் வடசொல் அது.

காங்கேயம் பக்கம் எங்கள் குடும்பத்துக் கொடிவழியை நானே ஒரு தடவை தேடினேன். கிடைத்தது அப்பாருடைய, அதாவது அப்பாவைப் பெற்றவருடைய, பாகப் பிரிவினைப் பத்திரம். மடிப்பில் கிழிந்து, 'மேற்படியார் மகன்' என்று மூன்று தலைமுறை ஆண்களை வரிசையாகச் சொன்னது. அப்பாருக்கு அக்கா இரண்டு பேர், பத்திரத்தில் அவர்கள் பேரே இல்லை. அந்தப் பேர்களை அப்பத்தாதான் சொன்னார், கட்டிக்கொடுத்த ஊரோடு சேர்த்து. ஒரு காகிதம், ஒரு கிழவியின் ஞாபகம், அவ்வளவுதான். இதில் மரபணு எங்கே வந்தது?

'ஹூ டூ யூ திங்க் யூ ஆர்' என்ற தலைப்பையாவது தமிழில் ஒழுங்காகச் சொல்கிறார்களா? 'நீங்கள் யார் என்று நினைக்கிறீர்கள்?' என்கிறார்கள். இப்படிக் கேட்டால், எதிரில் வருகிற ஆள் யாரென்று ஊகிக்கச் சொல்வது போல இருக்கிறது. ஆங்கிலத்தில் அது 'உன்னைப் பெரிய ஆள்னு நெனச்சுக்கிட்டயா' என்று அதட்டுவதும் ஆகும், உன்னை யாரென்று எண்ணிக்கொண்டிருக்கிறாய் என்று விசாரிப்பதும் ஆகும். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் இரண்டும் போய்விடும். எங்கள் ஊரில் தெருவில் புதுப் பையன் போனால் திண்ணையில் இருக்கிற பெரியவர் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "ஆரூட்டுப் பையன் நீயி?" அப்பன் பேரைச் சொன்னால் போதாது, அப்பாரு பேர், அம்மாவைப் பெற்ற அப்புச்சி ஊர், கும்பிடுகிற கோயில் வரைக்கும் சொன்னால்தான் விடுவார். நான் மொழிபெயர்த்தால் தலைப்பு 'ஆரூட்டுப் பிள்ளை?'. பதிவேட்டைப் புரட்டும் அம்மையார் கொடிவழி ஆய்வாளர், குப்பியோடு வருகிறவர் மரபியல் நிபுணர்.