மோதிரமா, டின் வளையமா? மெட்டல் டிடெக்டர் மண்ணுக்குள் எதை உணர்கிறது

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் நெடுந்தூரம் கார் ஓட்டுபவர்கள் இறங்கிக் காலை நீட்டவும், கொண்டுவந்த சாப்பாட்டைச் சாப்பிடவும் சாலையோர ஓய்விடங்கள் உண்டு. நாலைந்து மேசைகள், மரநிழல், புல்தரை, கழிவறைக் கட்டடம், அதன் பக்கத்தில் காசு போட்டால் குளிர்பானம் தரும் இயந்திரம். பல பத்தாண்டுகளாக அங்கே உட்கார்ந்து எழுந்தவர்களின் பைகளிலிருந்து நழுவிய நாணயங்களும் சாவிகளும் மோதிரங்களும் புல்லுக்கு அடியில் கிடக்கின்றன. மெட்டல் டிடெக்டரோடு அலைவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்களை இந்த இடங்கள் இழுப்பதில் வியப்பில்லை. எனக்கோ இன்னொரு காரணத்துக்காகவும் இவை முக்கியமானவை. அந்தக் கருவிக்கு எது தெரியும், எது தெரியாது என்பதை ஓர் ஓய்விடப் புல்தரையைப் போலத் துல்லியமாகக் காட்டிக்கொடுக்கும் இடங்கள் குறைவு.

கருவியின் பெயர் நம்மைக் கொஞ்சம் திசைதிருப்பி விடுகிறது. அது உலோகத்தை நேரடியாக உணர்வதில்லை. மண்ணுக்குள் தானே உண்டாக்கிய மின்னோட்டத்தைத்தான் உணர்கிறது.

கைத்தடியின் அடியில் தட்டு மாதிரி இருக்கிறதே, அதற்குள் இரண்டு கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. ஒன்றில் வினாடிக்குப் பல ஆயிரம் முறை திசை மாறும் மின்னோட்டம் ஓடுகிறது. சாதாரணக் கருவிகளில் இது பெரும்பாலும் 5 முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை இருக்கும். மின்னோட்டம் மாறமாற அதைச் சுற்றியுள்ள காந்தப்புலமும் மாறிக்கொண்டே மண்ணுக்குள் இறங்குகிறது. மாறும் காந்தப்புலம் ஒரு கடத்தியில் மின்னோட்டத்தைத் தூண்டும் என்பது 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்தது. அதன்படி, மண்ணில் கிடக்கும் நாணயத்துக்குள்ளும் வட்டவட்டமாக மின்னோட்டம் சுழலத் தொடங்குகிறது. அந்தச் சுழல் மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு சிறு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அதைப் பிடிப்பதுதான் இரண்டாவது சுருளின் வேலை.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பக்கத்திலேயே இருக்கும் முதல் சுருளின் பெரும் இரைச்சலில் நாணயத்தின் மெல்லிய பதில் எப்படிக் கேட்கும்? இரண்டு சுருள்களையும் ஒன்றன்மேல் ஒன்று ஓரளவு படியும்படி வைத்தால், முதல் சுருளின் புலம் இரண்டாவதன் ஒரு பகுதியில் மேல்நோக்கியும் மறுபகுதியில் கீழ்நோக்கியும் பாய்ந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் ஓர் இடம் கிடைக்கும். அந்த நிலையில் இரண்டாவது சுருளுக்கு முதல் சுருள் இருப்பதே தெரியாது. வெளியிலிருந்து ஏதாவது இந்தச் சமநிலையைக் கலைத்தால் மட்டும் அது குரல் கொடுக்கும்.

தொலைபேசியால் புகழ்பெற்ற அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881இலேயே இந்தச் சமநிலைத் தத்துவத்தைப் பயன்படுத்தினார். சுடப்பட்டுப் படுத்திருந்த அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்டின் உடலில் குண்டு எங்கே இருக்கிறது என்று தேடத்தான். குண்டு கிடைக்கவில்லை. மெத்தையின் உலோகச் சுருள்கள் கருவியைக் குழப்பின. போதாததற்கு, மருத்துவர் உடலின் வலப்பக்கத்தில் மட்டுமே தேடவிட்டார். குண்டு இடப்பக்கம் இருந்தது. கருவியின் தத்துவத்தில் பிழை இல்லை. சுற்றியிருக்கும் வேண்டாத உலோகம் எவ்வளவு பெரிய எதிரி என்பதை அந்தப் படுக்கை காட்டியது.

ஆழத்தைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட வேண்டும். சுருளைவிட்டு விலகும்போது அதன் காந்தப்புலம் ஏறத்தாழ தூரத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் குறைகிறது. நாணயத்திலிருந்து திரும்பி வரும் புலமும் அப்படித்தான். போக ஒருமுறை, வர ஒருமுறை என்று சேர்த்தால் ஆறாம் அடுக்கு. தூரம் இரண்டு மடங்கானால் பதில் 64இல் ஒரு பங்காகிவிடும். விலை உயர்ந்த கருவிகூட ஒரு நாணயத்தைச் சுமார் 20, 25 சென்டிமீட்டருக்குக் கீழே தேடத் திணறுவது இதனால்தான். சுருளைப் புல்லை ஒட்டி வீசச் சொல்வதும் இதற்காகவே. கையைச் சற்று உயர்த்தினாலே நஷ்டம்.

இனிதான் விஷயத்தின் சுவையான பகுதி. ஒரு பதில் வந்தது, சரி. அது வெள்ளியா, ஈயமா, சாக்லேட் சுற்றிய அலுமினியத் தாளா என்று கருவி எதை வைத்துச் சொல்கிறது? தாமதத்தை வைத்து.

10 கிலோஹெர்ட்ஸில் ஒரு முழு அலைவுக்கு 100 மைக்ரோவினாடி ஆகும் (ஒரு மைக்ரோவினாடி என்பது வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). தூண்டப்பட்ட மின்னோட்டம் இந்த அலைவோடு ஒத்து ஓடாமல் சற்றுப் பின்தங்குகிறது. குறைந்தது கால் அலைவு, அதாவது 25 மைக்ரோவினாடி தாமதம் எந்தப் பொருளிலும் இருக்கும். அதற்கு மேல் எவ்வளவு என்பதுதான் பொருளுக்குப் பொருள் மாறுகிறது. பாரம் ஏற்றிய வண்டியைத் தள்ளினால் மெதுவாகத்தான் நகரும், நகர்ந்தபின் நிறுத்துவதும் கடினம். மின்தடை குறைந்த, பருமனான, அகலமான உலோகத் துண்டில் மின்னோட்டம் அப்படி நடந்துகொள்கிறது. பெரிய வெள்ளி நாணயத்தில் தாமதம் அரை அலைவை, அதாவது 50 மைக்ரோவினாடியை நெருங்கும். மெல்லிய அலுமினியத் தாளில் 25ஐக் கொஞ்சம் தாண்டினால் அதிகம். இந்த வேறுபாட்டைத்தான் கருவி ஓர் எண்ணாகத் திரையிலும், ஏற்ற இறக்கமுள்ள ஒலியாகக் காதிலும் தருகிறது. தாமதம் கூடக்கூட எண்ணும் கூடும்.

இதைச் சரியாகப் புரிந்துகொண்டால் ஓய்விடத்தின் புதிர்கள் தாமாகவே அவிழும். அமெரிக்காவின் 5 சென்ட் நாணயமான நிக்கலில் 75 சதவீதம் செம்பு, 25 சதவீதம் நிக்கல் உலோகம். செம்பு சிறந்த கடத்திதான். ஆனால் நிக்கல் அணுக்கள் அதற்குள் கலந்தவுடன் எலக்ட்ரான்களின் வழி குலைந்து, கடத்துதிறன் தூய செம்பின் இருபதில் ஒரு பங்கு அளவுக்கு விழுந்துவிடுகிறது. ஆக, செம்பு மிகுந்த நாணயம் திரையில் அலுமினியத் தாளுக்குச் சற்று மேலே, கீழ்த்தட்டு எண்ணாகத் தெரிகிறது. 10 சென்ட், 25 சென்ட் நாணயங்களும் வெளியே அதே கலவைதான். ஆனால் அவற்றின் நடுவே தூய செம்புத் தகடு இருப்பதால் எண் மேலே போய்விடுகிறது. 1982இல் 1 சென்ட் நாணயத்தைச் செம்பிலிருந்து, செம்பு முலாம் பூசிய துத்தநாகத்துக்கு மாற்றினார்கள். பார்க்க ஒன்றுபோலிருக்கும் இரண்டு சென்ட்களைக் கருவி தனித்தனியாகப் பிரித்துக்காட்டும்.

நிக்கல் நாணயம் விழும் அதே எண் வரம்பில் பெரும்பாலான மெல்லிய தங்க மோதிரங்களும் விழுகின்றன. குளிர்பான, பீர் டின்களிலிருந்து பிய்த்து எறியப்பட்ட அலுமினிய வளையங்களும் அங்கேதான். அலுமினியம் நல்ல கடத்தி, ஆனால் வளையம் மெல்லியது. தங்கமும் நல்ல கடத்தி, ஆனால் நகைக்கான தங்கத்தில் வேறு உலோகங்கள் கலந்திருக்கின்றன. காரணம் வேறுவேறு, தாமதம் ஏறத்தாழ ஒன்று. இவற்றை நம்பகமாகப் பிரிக்கும் தகவல் அந்தத் தாமதத்தில் இல்லவே இல்லை. பல அதிர்வெண்களில் ஒரே நேரத்தில் வேலை செய்யும் இன்றைய கருவிகள் கூடுதல் துப்புகள் தருகின்றன என்றாலும் இந்த இரட்டையரை முழுதாகப் பிரிப்பதில்லை. "குப்பை" என்று வளையங்களின் எண்ணைக் கருவியில் அடைத்துவிட்டுத் தேடுகிறவர், கூடவே தங்கத்தையும் அடைத்துவிடுகிறார்.

வரலாறும் இந்தச் சிக்கலுக்குக் கைகொடுத்தது. மாநிலங்களுக்கிடையிலான விரைவுச்சாலைகளுக்குச் சட்டம் வந்தது 1956இல். அவற்றின் ஓய்விடங்கள் எழுந்துகொண்டிருந்த 1960களில்தான், ஒஹாயோவைச் சேர்ந்த எர்மல் ஃப்ரேஸ் உருவாக்கிய இழுத்துக் கழற்றும் டின் வளையம் பரவியது. டின்னோடு ஒட்டியே நிற்கும் மூடி 1975 வாக்கில் வந்து சேரும் வரை வளையங்கள் புல்லில் விழுந்தபடியே இருந்தன. அதே காலத்தில், 1965ஆம் ஆண்டுச் சட்டத்தால் 10 சென்ட், 25 சென்ட் நாணயங்களிலிருந்து வெள்ளி நீக்கப்பட்டது. அதுவரை அவற்றில் 90 சதவீதம் வெள்ளி. எனவே விரைவுச்சாலை ஓய்விடங்களில் வளையம் மிகுதி, வெள்ளி குறைவு. வெள்ளியைத் தேடுகிறவருக்கு என் பரிந்துரை பழைய இரட்டைவழிச் சாலைகளின் ஓரப் பூங்காக்கள். மிச்சிகன் மாநிலத்தில் சாலையோரச் சாப்பாட்டு மேசை 1929இலேயே வந்துவிட்டது.

இரும்பின் கதை தனி. அது காந்தமாகும் பொருள் என்பதால் அதன் பதில் தாமதமின்றிப் புலத்தோடு சேர்ந்தே வருகிறது. ஆணியைக் கருவி எளிதில் ஒதுக்குவது இதனால்தான். ஆனால் சோடா பாட்டில் மூடி எஃகாக இருந்தாலும் தட்டையான வட்டம். காந்தப் பதிலோடு வலுவான சுழல் மின்னோட்டமும் சேர்ந்து, பல நேரம் நல்ல நாணயம் போலவே ஒலிக்கும். சுருளை ஓரத்துக்கு நகர்த்திக் கேட்டால் ஒலி பிசிறும். அதுதான் அதைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம். மண்ணில் கலந்த மாக்னடைட் என்னும் இரும்புத் தாதுவின் துகள்களும் இரும்பைப் போலத் தாமதமற்ற பதில் தருகின்றன. அந்தப் பின்னணியைக் கழிக்கத்தான் தேடும் முன் கருவியை மண்ணுக்கு ஏற்றபடி சரிசெய்கிறார்கள். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிகளையும் விளக்குக் கம்பங்களுக்குப் போகும் புதைகம்பிகளையும் அப்படிக் கழிக்க முடியாது. பெல்லைக் குழப்பிய மெத்தைச் சுருள்களின் இடத்தில் இங்கே இவை இருக்கின்றன. நடைபாதையிலிருந்து சற்று விலகித் தேடுவது நல்லது. சிறிய சுருளை மாட்டிக்கொண்டால் ஒரு பொருளுக்கும் பக்கத்துக் குப்பைக்கும் இடையே பிரித்துக் கேட்க முடிகிறது.

சரி, நாணயம் மண்ணுக்குள் எப்படிப் போகிறது? எடையால் மட்டும் இறங்குவதில்லை. பெல் குண்டைத் தேடிய அதே 1881இல் சார்லஸ் டார்வின் மண்புழுக்களைப் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். புழுக்கள் அடிமண்ணை மேலே கொண்டுவந்து போடப்போட, மேலே கிடந்தவை மெல்ல மூடப்படுகின்றன என்று காட்டினார். நீர் பாய்ச்சி வளர்க்கும் ஓய்விடப் புல்தரையில் வெட்டிய புல்லும் சேர்ந்து மட்கி மூடும். ஆழமும் வயதும் எப்போதும் ஒத்துப்போவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மண்ணை ஒருமுறை தோண்டிப் பரப்பியிருந்தால் கணக்கு கலைந்துவிடும்.

எங்கே தேடுவது என்பதை மனிதர்களின் நடத்தை தீர்மானிக்கிறது. கால்சட்டைப் பையிலிருப்பது உட்காரும்போது நழுவும். ஆகவே மேசைகளைச் சுற்றியும் மரநிழலிலும். இடம் மாற்றப்பட்ட மேசைகளின் பழைய இடங்கள் இன்னும் நல்லவை. பானம் தரும் இயந்திரங்களின் முன்புறம் பெரும்பாலும் கான்கிரீட்டாக இருக்கும், அதன் ஓரத்துப் புல்லைப் பாருங்கள். நாய்களை நடத்தும் பகுதியையும் விட்டுவிட வேண்டாம். கை அங்கே பைக்குள் அடிக்கடி போய்வருகிறது.

இதற்கெல்லாம் முன்னால் அனுமதி வேண்டும். ஓய்விடம் பொதுவானது என்பதால் அதன் மண்ணைத் தோண்டும் உரிமை எல்லாருக்கும் வந்துவிடாது. நிலம் வழக்கமாக மாநிலப் போக்குவரத்துத் துறையின் பொறுப்பில் இருக்கும், விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். துறையிடம் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்வதே முறை. தோண்டலாம் என்று அனுமதி கிடைத்தாலும், அடியில் கம்பியும் குழாயும் எங்கே ஓடுகின்றன என்று அறிய அமெரிக்கா முழுவதற்கும் 811 என்ற எண் இருக்கிறது. புல்லை மூன்று பக்கம் மட்டும் வெட்டி, கதவு போலத் திறந்து, தோண்டும் மண்ணை ஒரு துணியில் சேர்த்து, பொருளை எடுத்தபின் அதைத் திரும்பக் குழியில் கொட்டி அழுத்திவிட்டால் வேர் பிழைத்துக்கொள்ளும். தோண்டியெடுத்த டின் வளையங்களை ஓய்விடத்துக் குப்பைத்தொட்டியிலேயே போட்டுவிட்டு வரலாம்.