நாதஸ்வரக்காரரைக் கடைசியில் கூப்பிடாதீர்கள்

பெங்களூரில் சொந்தமாகப் பாட்டு போட்டு வெளியிடும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இப்போது நாதஸ்வரத்தின் மேல் ஆசை வந்திருக்கிறது. கிடார், சிந்தசைசர், டிரம்ஸ் எல்லாம் பதிந்து முடித்துவிட்டு, "அண்ணா, நடுவுல கொஞ்சம் நாதஸ்வரம் வேணும்" என்று வருகிறார்கள். இசையமைப்பும் ஒலிப்பதிவும் தொழிலாகக் கொண்ட எனக்கு இதில் சந்தோஷம்தான். ஆனால் அந்த வரிசைதான் பாட்டைக் கெடுக்கிறது. வாத்தியக்காரரை முதலில் கூப்பிடுங்கள், மற்றதை அப்புறம் கட்டுங்கள்.

முதல் காரணம் சுருதி. கீபோர்டில் ஒரு பொத்தானைத் தட்டினால் சுருதி மாறிவிடும். நாதஸ்வரத்துக்கோ, உலவில், அதாவது அதன் மரக்குழலில், துளை போட்ட அன்றே அது முடிவாகிவிடுகிறது. முன்பு புழங்கிய திமிரி என்ற வகை குட்டையானது, உச்ச சுருதி. நாதஸ்வர மேதை டி.என்.ராஜரத்தினம் பிள்ளை காலத்திலிருந்து பாரி என்ற நீளமான நாயனம்தான் வழக்கம். சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வோம்; அது பெரும்பாலும் 2 அல்லது 2½ கட்டையில் நிற்கும். நாதஸ்வரத்துக்காக 2022இல் புவிசார் குறியீடு பெற்ற, தஞ்சாவூர் மாவட்டத்து நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கையால் கடைகிறார்கள். அதனால் ஒரே கட்டை என்று சொல்லப்படும் இரண்டு வாத்தியங்களுக்குள்ளும் நூலிழை வித்தியாசம் இருக்கும்.

ஒரு தம்பி 4 கட்டையில் பாட்டை முடித்து, பாடகியின் குரலையும் பதிந்துகொண்டு வந்தார். அல்சூரிலிருந்து வந்த வித்வான் கையில் இருந்தது 2 கட்டைப் பாரி. பாட்டு 5 கட்டையாக இருந்தால்கூட மத்திம சுருதி வைத்து, அதாவது தன் குழலின் 'ம'வையே 'ச'வாகக் கொண்டு, சமாளித்திருப்பார். 4 கட்டை என்றால் பாட்டின் சட்ஜமே, அதாவது ஆதாரமான 'ச'வே, அவருடைய சாதாரண காந்தாரத்தில் ('க') போய் விழுகிறது. கடைசியில் தன் சுருதியில் வாசித்துக் கொடுத்தார். மென்பொருளில் அதை மூன்று அரைச்சுரம் ஏற்றினோம். வாயில் வைத்து ஊதும் சீவாளியின் கரகரப்பும், குழலின் அடியில் விரிந்திருக்கும் அணசிலிருந்து வரும் கனமும் போய், திருவிழாவில் விற்கும் பீப்பி மாதிரி ஆகிவிட்டது. அந்தப் பெரியவர் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருந்ததுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

குளிரூட்டிய அறையும் ஒரு சிக்கல். குளிர்ந்த காற்றில் ஒலி மெதுவாகப் போகும், சுருதி இறங்கும். வாசிக்க வாசிக்கக் குழல் சூடாகி ஏறும். சீவாளியும் உலர்ந்துபோகும். அவர் அதை வாயில் வைத்து ஊறவைத்து, கயிற்றில் தொங்கும் நாலைந்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஊதிப் பார்த்துப் பதப்படுத்தும் வரை கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். மைக்கை அணசின் வாயில் கொண்டுபோய் வைக்கவும் வேண்டாம். விரல் துளைகளிலிருந்தும் நாதம் வருகிறது. நாலைந்து அடி தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் முழுதாகக் கிடைக்கும்.

சுருதி திருத்தும் மென்பொருளை இதன் பக்கமே விடாதீர்கள். தோடி ராகத்தின் காந்தாரம் ஒரு புள்ளியில் நிற்கும் சுரமல்ல; ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் நடுவே அசைந்தால்தான் அது தோடி. மென்பொருள் அந்த அசைவைப் பிழை என்று எடுத்துக்கொண்டு நேராக்கிவிடும். தாளம் காட்டும் கிளிக் சத்தத்துக்குள் ஆலாபனையை அடைப்பதும் அப்படித்தான். அந்த இடத்தில் கிளிக்கை நிறுத்தி, தம்புரா மட்டும் கொடுங்கள். பின்னால் வரும் கிடார் அவர் விட்ட இடத்தில் சேர்ந்துகொள்ளட்டும்.

இந்த ஊருக்கு இது புதிதும் அல்ல. அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோ நாதஸ்வரத்தையே உட்கார்ந்து கற்றவர். 1983இல் பெங்களூரின் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் குழுவோடு சேர்ந்து பதிவு செய்தார். மங்களூர்ப் பக்கத்துக் கத்ரி கோபால்நாத், நாதஸ்வரத்தைக் கேட்டு வளர்ந்த காதோடு சாக்ஸபோனைக் கர்நாடக இசைக்கு வளைத்தார். வாத்தியத்தின் போக்கைப் படித்துவிட்டுக் கலந்தவர்கள் இவர்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பாட்டு வெளியாகும்போது ஒலிக்கலவை செய்தவர் பெயர் இருக்கும், போஸ்டர் வரைந்தவர் பெயர் இருக்கும், நாதஸ்வரம் வாசித்தவர் பெயர் மட்டும் இருக்காது. 2012இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டம், வாசித்தவர் இன்னார் என்று காட்டப்படும் உரிமையையும், வணிகப் பயன்பாட்டுக்கு ராயல்டி பெறும் உரிமையையும் கலைஞருக்குத் தருகிறது. நீங்கள் இரண்டு வரி மெட்டு கொடுத்து, அதை அவர் ராகமாக விரித்துத் தந்திருந்தால், அந்தப் பகுதியை இசையமைத்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு. எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள், அதைத் தமிழில் போடுங்கள். தொகையை அன்றே கொடுங்கள். தேதி கேட்கும்முன் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். முகூர்த்த நாளில் அவர் கல்யாண மண்டபத்தில் இருப்பார்.