முறிந்த முழங்கையை உருவாதீர்கள்

கோடை விடுமுறை முடிந்ததும் என் போன்ற பிசியோதெரபிஸ்டுகளிடம் முழங்கைகள் வரத் தொடங்கிவிடும். கொய்யா மரத்திலிருந்தும் சைக்கிளிலிருந்தும் மொட்டைமாடிப் படியிலிருந்தும் விழுந்த பிள்ளைகள். மாவுக்கட்டு பிரித்து ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ ஆகியிருக்கும். கை பாதி மடங்கிய நிலையில் அப்படியே நிற்கும். முழுசாக நீட்டவும் வராது, வாய்வரை கொண்டுபோகவும் வராது. கட்டு பிரித்த பிறகு என்ன செய்தீர்கள் என்று கேட்டால் அம்மாவும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அப்புறம் மெதுவாக விஷயம் வெளியே வரும். பக்கத்து ஊரில் ஒருவர் நன்றாக உருவி விடுவாராம். தினமும் சாயங்காலம் சுடவைத்த எண்ணெய், அழுத்தி உருவல், கடைசியில் ஒரே மடக்கு. பிள்ளை கத்தும். அசையாமல் இருக்க இரண்டு பேர் பிடித்துக்கொள்வார்கள்.

கடைசியாக வந்த பையனுக்கு ஏழு வயது. கம்பி வைத்து முறிவைச் சேர்த்த டாக்டரின் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது, எலும்பு அழகாகக் கூடியிருக்கிறது. ஆனால் எக்ஸ்ரேயில் முழங்கைக்கு முன்பக்கம், எலும்பே இருக்கக் கூடாத இடத்தில், மங்கலாக ஒரு வெள்ளைத் திட்டு. தசைக்குள் எலும்பு வளர்ந்துகொண்டிருக்கிறது. அந்தப் படத்தைக் காட்டி விளக்கிய பிறகும் அவன் அப்பா சொன்னார்: "அதெல்லாம் சரிங்க சார், நீங்க இன்னும் கொஞ்சம் நல்லா அழுத்தி மடக்கி விடுங்க."

மூட்டு என்பது கதவுக் கீல் மாதிரி, கொஞ்ச நாள் அசையாவிட்டால் துருப்பிடிக்கும், எண்ணெய் விட்டு நாலு தடவை ஆட்டினால் இளகிவிடும் என்ற இந்த நம்பிக்கையோடுதான் எனக்குச் சண்டை. முதலில் எண்ணெய். தோலில் தேய்க்கும் எண்ணெய் மூட்டுக்குள் போகாது. இடையில் தோல், கொழுப்பு, தசை, மூட்டைச் சுற்றிய உறை எல்லாம் இருக்கின்றன. மூட்டுக்கு வேண்டிய வழவழப்பான திரவத்தை அந்த உறையின் உள்சவ்வே சுரந்துகொள்கிறது. நல்லெண்ணெயானாலும் சரி, விலை உயர்ந்த தைலமானாலும் சரி, வழுக்குவது உருவுகிறவரின் கைக்குத்தான்.

அடுத்தது ஆட்டுவது. கீலை யார் தள்ளினாலும் கதவு திறக்கும். முழங்கை அப்படி இல்லை. எலும்பு தானாக நகராது, மூட்டு எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பலாம் என்பதற்கு எல்லை மட்டும் போடும். நகர்த்துவது தசை. தசைக்கு இழுக்கத் தெரியும், தள்ளத் தெரியாது. அதனால்தான் கைக்கு முன்னால் மடக்கும் தசைகளும் பின்னால் நீட்டும் தசையும் தனித்தனியாக இருக்கின்றன. முன்னால் பைசெப்ஸ், அதற்கு அடியில் பிரேக்கியாலிஸ். பின்னால் டிரைசெப்ஸ். முன்பக்கம் சுருங்கினால் பின்பக்கம் தளர்ந்து வழிவிட வேண்டும். நீங்கள் யோசிக்காமலே நரம்புகள் இதைப் பார்த்துக்கொள்கின்றன. வலி வந்தால் இந்த ஒப்பந்தம் முறிந்துவிடும். அடுத்தவர் கையைப் பிடித்து நீட்டினால், நீளாமல் காப்பாற்ற மடக்கும் தசைகள் இறுகும். மடக்கினால் டிரைசெப்ஸ் இறுகும்.

இதை வாயால் சொன்னால் யாரும் நம்புவதில்லை என்பதால் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். அந்தப் பையனின் முழங்கை மடிப்பில், பைசெப்ஸை எலும்போடு கட்டும் கயிறு போன்ற நாண் ஓடும் இடத்தில் அப்பாவின் விரலை வைக்கச் சொன்னேன். சும்மா இருக்கும்போது நாண் மெத்தென்றுதான் இருந்தது. அவருடைய இன்னொரு கை பையனின் மணிக்கட்டைத் தொட்டதுதான் தாமதம், இன்னும் இழுக்கக்கூட இல்லை, நாண் விறைத்துத் துருத்திக்கொண்டு நின்றது. "இதைத்தான் தினமும் ரெண்டு பேர் புடிச்சு இழுத்திருக்கீங்க" என்றேன். அவர் விரலை எடுத்துவிட்டார்.

முழங்கைக்கு மட்டும் ஏன் இவ்வளவு பயம்? பிரேக்கியாலிஸ் இருக்கும் இடம் அப்படி. மூட்டு உறைக்கு நேர் முன்னால் சதையாகப் படிந்து கிடக்கும் தசை அது. பிள்ளைகளுக்கு முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிந்து விலகும்போது, முறிந்த முனை பெரும்பாலும் இந்தத் தசையில்தான் குத்தும். உள்ளே ரத்தம் கசிந்திருக்கும். சும்மா விட்டால் உடம்பே அதை ஆற்றிக்கொள்ளும். 'ரத்தக்கட்டு கலையட்டும்' என்று அழுத்தி உருவினால் அது கலைவதில்லை. ஆறிக்கொண்டிருக்கும் தசை திரும்பக் கிழிந்து புது ரத்தம் கசிகிறது, அவ்வளவுதான். இப்படித் திரும்பத் திரும்பக் காயம் பட்டால் அந்த இடத்தில் எலும்பு உருவாகலாம். மூன்று நான்கு வாரத்தில் எக்ஸ்ரேயில் தெரிய ஆரம்பிக்கும். யாரும் உருவி விடாமலும் சிலருக்கு இது வருவதுண்டு. தலையில் அடிபட்டவர்கள், மூட்டே நழுவியவர்கள். ஆனால் என்னிடம் வரும் பிள்ளைகளிடம் கதை கேட்டால் அநேகமாக எண்ணெய்க் கிண்ணம் வந்துவிடுகிறது.

அந்த எலும்பை உடனே வெட்டி எடுத்துவிடலாமா என்றால், அதுவும் பொதுவாக இல்லை. அது முதிரும்வரை காத்திருந்து, அப்போதும் அசைவைத் தடுத்தால்தான் அறுவை சிகிச்சை. ஆறு மாதம், ஒரு வருடம்கூட ஆகும். சில பிள்ளைகளுக்கு அது தானாகக் கரைவதும் உண்டு. அதுவரை நானும் இழுக்க மாட்டேன், வேறு யாரும் இழுக்க விடவும் மாட்டேன்.

இதில் பெரிய வேடிக்கை, இந்த அவசரமே தேவையில்லை என்பதுதான். பிள்ளைகளுக்குக் கட்டு மூன்று நான்கு வாரம். பிரித்த அன்று கை இறுகித்தான் இருக்கும். பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சாதாரணமாக ஓடி ஆடி எழுதிச் சாப்பிட்டாலே வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், அசைவு திரும்பிவிடும். என்னிடம் வரக்கூடத் தேவையிருக்காது. என் பிழைப்பில் நானே மண்ணைப் போட்டுக்கொள்கிறேன், பரவாயில்லை.

பெரியவர்கள் கதை வேறு. அவர்களுக்கு முழங்கை சீக்கிரம் இறுகும், கழுத்தில் மாட்டும் தூளியில் கையை நாள்கணக்கில் தொங்கவிட்டால் தோளும் விரல்களும் சேர்ந்து இறுகும். டாக்டர் அனுமதித்த நாளிலிருந்தே அசைக்க வேண்டும். கட்டு இருக்கும்போதே விரலை மடக்கி நீட்டுங்கள், டாக்டர் சரி என்றால் தோளையும் உயர்த்துங்கள்.

யாராக இருந்தாலும் விதி ஒன்றுதான். அசைக்க வேண்டியவர் கைக்குச் சொந்தக்காரர். ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை, ஒவ்வொரு தடவையும் சில நிமிடம், முடிந்தவரை தானாக மடக்கி, தானாக நீட்டி. லேசாக இழுத்துப்பிடிக்கிற உணர்வு இருக்கலாம். மறுநாள் வீக்கமோ வலியோ கூடினால் நேற்றுச் செய்தது அதிகம், குறையுங்கள். முன்பக்கம் சூடாக, கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால், வந்த அசைவு குறைந்துகொண்டே போனால், டாக்டரைப் பாருங்கள்.

வாளி மருத்துவம் வேண்டவே வேண்டாம். கை நீளட்டும் என்று தண்ணீர் வாளியையோ மணல் பையையோ பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்கிறார்கள். பாரத்தைத் தாங்க அந்தக் கையில் இறுகுவது மடக்கும் தசைகள். நீட்டுவதற்கு எது தளர வேண்டுமோ அதையே இறுக்குகிறீர்கள்.

இன்னொன்று, இதில் மட்டும் கெஞ்சுவதில்லை, அதட்டித்தான் சொல்கிறேன். அடிபட்ட உடனே மூங்கில் சிம்பு வைத்து இறுக்கிக் கட்டுவது. மாவுக்கட்டானாலும் இதே எச்சரிக்கைதான். கட்டிய பிறகு வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனால், விரல் மரத்தால், வெளுத்தால், நீலம் பாய்ந்தால், விரலை மெல்ல நிமிர்த்தினாலே பிள்ளை அலறினால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இறுகிய கட்டுக்குள் வீங்கும் தசைக்கு ரத்தம் போகாது. ஆறு மணி நேரம் போலத்தான் அவகாசம். அதைத் தாண்டினால் முன்கைத் தசைகள் செத்து, சுருங்கி, விரல்கள் கொக்கியாக வளைந்துவிடும். 1881இல் வோல்க்மன் என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர் எழுதிவைத்த பாதிப்பு இது, இன்னும் நம் ஊரில் பார்க்கிறோம்.

கழுத்துப் பிடிப்புக்கோ கெண்டைக்கால் வலிக்கோ லேசாக நீவி விடுகிறவர்களோடு எனக்கு வழக்கு இல்லை. முறிந்த கையை விட்டுவிடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

பெற்றோருக்கு: கடைசிப் பத்து டிகிரிக்காகப் பிள்ளையைப் படுத்தாதீர்கள். முழங்கை நேராக இருக்கும் நிலையிலிருந்து ஏறக்குறைய 145 டிகிரிவரை மடங்கும். அன்றாட வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு 30 முதல் 130 வரை இருந்தால் போதும். கை கொஞ்சம் நீளாவிட்டால் சமாளிக்கலாம். மடங்காவிட்டால் சோறு வாய்க்குப் போகாது. அதனால் பாட்டி ஊட்டி விடுவதை இன்றோடு நிறுத்தட்டும். தட்டை முன்னால் வையுங்கள், சிந்தினால் சிந்தட்டும், அடிபட்ட கையாலேயே சாப்பிடட்டும். சட்டைப் பட்டனையும் அவனே போடட்டும். ஸ்கூல் பை இன்னொரு தோளில். மரம் ஏறுவதும் பி.டி. பீரியடும் டாக்டர் சொன்ன பிறகு.